ஏசி ரிப்பேர்

போன செமஸ்டர்ல ஒரு வெள்ளிக்கிழமை. ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் லேப் ரெக்கார்டு எழுதிக்கிட்டு இருந்தேன். போன் அடிச்சது. மறுநாள் எங்க படத்தைப் போட ராஜபாளையத்துல புக் பண்ணியிருந்த ஹால்ல இருந்து.

"தம்பி, நாளைக்கு ஹால் தர முடியாது. ஏசி ரிப்பேர்."

"அண்ணாச்சி, நாங்க கேட்டதே ஏசி இல்லாத ஹால் தானே?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அதுலயும் ரிப்பேர் தான் தம்பி. அட்வான்ஸ திங்கக்கிழமை வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க எங்க கேங்க்ல இது தான் ஜோக். மெஸ் சாம்பார்ல உப்பு இல்லையா? ஏசி ரிப்பேர். இன்டர்னல்ல மார்க் போச்சா? ஏசி ரிப்பேர். சிரிச்சு ஓய்ஞ்ச பிறகு தான் இதுல சிரிக்க என்ன இருக்குன்னு யோசிக்க ஆரம்பிச்சேன். அந்த யோசனை தான் இந்தக் கட்டுரை.

நாங்க அஞ்சு பேர். ரெண்டு மொபைல், கடன் வாங்கின ஒரு மைக், நாலு மாச சனி ஞாயிறு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல இருக்கிற ஒரு கண்மாயைப் பத்தி 18 நிமிஷத்துக்கு ஒரு ஆவணப்படம் எடுத்தோம். விவசாயத்துக்குக் கண்மாய்ல வண்டல் மண் எடுத்துக்கலாம். அதுக்குத் தாசில்தார் அனுமதி வேணும், எவ்வளவு எடுக்கலாம்னு கணக்கு உண்டு. ஆனா அந்தக் கண்மாய்ல ராத்திரி பத்து மணிக்கு மேல ஜேசிபி லைட் போட்டு எடுத்த மண் எந்த வயலுக்கும் போன மாதிரி எங்களுக்குத் தெரியல. மடை மட்டத்துக்குக் கீழ பள்ளம் விழுந்தா, கண்மாய்ல தண்ணி நிக்கும், வயலுக்குப் பாயாது. படம் சொன்னது அவ்வளவு தான். ஒரு அரசியல்வாதி பேரு கூட அதுல இல்ல.

ஆனாலும் யாரோ ஒருத்தர் ஹால்காரருக்குப் போன் பண்ணியிருக்கார். எந்தக் கட்சின்னு இங்க எழுத மாட்டேன். எழுதினா மத்த கட்சிக்காரங்க சந்தோஷப்படுவாங்க. அந்தச் சந்தோஷத்துக்கு அவங்க யாருக்கும் தகுதி இல்லைங்கிறத பின்னாடி சொல்றேன்.

ஹால் போனதும் வேற இடம் தேடினோம். அப்போ தான் ஒரு உண்மை உறைச்சது. நம்ம ரெண்டு ஊர்லயும் சினிமா தியேட்டர் இருக்கு, திரும்பின பக்கமெல்லாம் கல்யாண மண்டபம் இருக்கு. ஆடிப்பூரத் தேர் வந்தா ஸ்ரீவில்லிபுத்தூர்ல கால் வைக்க இடம் இருக்காது. ஆனா ஒரு மாணவனோ, ஒரு தறிக்காரரோ, ஒரு ஸ்பின்னிங் மில் தொழிலாளியோ உள்ள போய், "நான் ஒரு படம் எடுக்கணும், ஒரு ஆடியோ பதிவு செய்யணும்"னு கேட்கக்கூடிய இடம் ஒண்ணு கூட இல்ல. குறைஞ்ச வாடகைக்கு ஒரு கேமரா, எடிட் பண்ண ஒரு கம்ப்யூட்டர், சவுண்டு சொல்லித்தர ஒரு ஆள், அம்பது நாற்காலி, ஒரு வெள்ளைச் சுவர். ஊடகக் கலை மையம்னு சொல்லலாம். பேரு தான் பெருசு, கேட்கிறது சின்னது.

இப்படி ஒரு மையம் அரசுப் பணத்துல நடக்கணும், ஆனா அரசு சொல்றபடி நடக்கக்கூடாது. இதை ஹாஸ்டல்ல சொன்னேன். என் ரூம்மேட் விழுந்து விழுந்து சிரிச்சான். அவன் மெக்கானிக்கல். எதையும் மூணு பாயிண்ட்ல முடிப்பான்.

"மாப்ள, ஒண்ணு: கவர்மென்ட் காசு வாங்கினா கவர்மென்ட்டுக்கு ஜால்ரா தான் போடணும். ரெண்டு: ஸ்பான்சர் பிடி, கவர்மென்ட் எதுக்கு? மூணு: யூடியூப் இருக்கும்போது உனக்கு ஹாலே எதுக்கு?"

மூணும் நல்ல கேள்வி தான். கடைசியில இருந்து வர்றேன்.

யூடியூப்ல போட்டோம். முதல் மாசம் 312 வியூஸ். அதுல பாதி நாங்களே பார்த்தது, மீதி சொந்தக்காரங்க. யூடியூப் உதவாதுன்னு சொல்ல மாட்டேன். 2017-ல திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தைத் திரையிடப் பல ஊர்ல போலீஸ் அனுமதி மறுத்தப்போ, அதை லட்சக்கணக்கான பேர் பார்த்தது யூடியூப்ல தான். ஆனா எங்க படத்தைப் பார்க்க வேண்டியது லட்சம் பேர் இல்ல. அந்தக் கண்மாய்த் தண்ணில நெல்லு போடுற ஒரு நூறு குடும்பம். அவங்க தனித்தனியா மொபைல்ல பார்த்துட்டு அடுத்த ரீலுக்குப் போறதும், ஒண்ணா உக்காந்து பார்த்துட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறதும் ஒண்ணா? ஹால் வேணும்னு கேட்கிறது பார்க்கிறதுக்கு மட்டும் இல்ல, பார்த்த பிறகு பேசுறதுக்கு.

ஸ்பான்சர் விஷயம் இன்னும் எளிது. நம்ம ஊர்ல கல்ச்சுரல்ஸ் நடத்த ஸ்பான்சர் கேட்டுப் போயிருக்கோம்ல, தெரியும். ஜவுளிக்கடைக்காரர் கொடுப்பார், பேக்கரி கொடுக்கும். எல்லாரும் நல்லவங்க தான். ஆனா நோட்டீஸ்ல அவங்க பேரு வரணும், பிரச்சனையில வரக்கூடாது. வியாபாரம் பண்றவங்க அப்படி நினைக்கிறதுல தப்பே இல்ல. அதனால தான் கண்மாய்ப் படத்துக்கு ஸ்பான்சர் கிடைக்காது, டான்ஸ் போட்டிக்குக் கிடைக்கும்.

ஆக, மிச்சம் இருக்கிறது முதல் கேள்வி. அரசுக் காசுன்னா ஜால்ராவா?

இங்க ஒரு கதை. நம்மள மாதிரி இன்ஜினியர்கள் சம்பந்தப்பட்ட கதை.

1975 ஆகஸ்ட்ல இருந்து 1976 ஜூலை வரைக்கும் இஸ்ரோ ஒரு பரிசோதனை நடத்தியது. நாசாவோட ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி, ஆறு மாநிலங்கள்ல 2,400 கிராமங்களுக்கு டிவி நிகழ்ச்சி அனுப்புனாங்க. 'சைட்'னு பேரு, நம்ம பாடப் புத்தகத்துல கூட ஒரு வரி வரும். அதே காலத்துல குஜராத்துல, கேடா மாவட்டத்துல பிஜ்ங்கிற கிராமத்துல ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் வச்சு இன்னொண்ணும் நடந்தது. அது நம்ம பாடத்துல வராது.

கேடா திட்டத்தோட தனித்தன்மை என்னன்னா, டெல்லியில எடுத்த நிகழ்ச்சியை மட்டும் அனுப்பல. அகமதாபாத்ல இருந்த இஸ்ரோவோட விண்வெளிப் பயன்பாட்டு மையத்து ஆட்கள் கேமராவைத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள போனாங்க. கிராமத்து ஆளுங்களே நடிச்சாங்க, பேசுனாங்க, கேள்வி கேட்டாங்க. கூலி, சாதிக் கொடுமை, குடி, ஊர்ல பெரிய மனுஷங்க பண்ற அட்டகாசம் எல்லாம் நிகழ்ச்சியா வந்தது. சுமார் 400 கிராமங்கள்ல பொது டிவி பெட்டி. சாயங்காலம் ஊரே கூடிப் பார்த்தது. செலவு முழுக்க அரசுப் பணம். ஆனா யாருக்கும் ஜால்ரா இல்ல.

1984-ல கிராமப்புறத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு கேடாவுக்குக் கிடைச்சது. அடுத்த வருஷம், 1985-ல, பிஜ் டிரான்ஸ்மிட்டர் நிறுத்தப்பட்டது. உள்ளூர்ல எதிர்ப்பு இருந்தது, பலன் இல்ல. அந்த டிரான்ஸ்மிட்டர் எங்க வந்தது தெரியுமா? நம்ம மெட்ராஸுக்கு. தூர்தர்ஷன் ரெண்டாவது சேனல் ஆரம்பிக்க. பரிசு வாங்கின மறு வருஷமே ஏசி ரிப்பேர்.

இதுல எனக்கு ரெண்டு பாடம் கிடைச்சது. அரசுப் பணத்துல சுதந்திரமான ஊடகம் நடக்க முடியும், நடந்திருக்கு. ஆனா அதைக் காப்பாத்துற அமைப்பு இல்லன்னா ஒரு கையெழுத்துல முடிஞ்சிரும். தடை பண்ண வேண்டியதே இல்ல. பெட்டியைக் கழட்டி வேற ஊருக்கு அனுப்பினா போதும்.

இந்தக் 'கையெழுத்து' வேலையை அதுக்கப்புறமும் பல தடவை பார்த்திருக்கோம். 1948-ல தொடங்கின ஃபிலிம்ஸ் டிவிஷன் பெரும்பாலும் அரசுப் பிரச்சாரம் தான் பண்ணுச்சு, ஒத்துக்கிறேன். ஆனா அதே இடத்துல 1960-கள்ல சுக்தேவ், எஸ்.என்.எஸ். சாஸ்திரி, பிரமோத் பதி மாதிரி ஆட்கள் அரசுச் சம்பளத்துலயும் அரசு பிலிம்லயும் யாரும் எதிர்பார்க்காத படம் எடுத்தாங்க. சாஸ்திரியோட 'ஐ ஆம் 20' இன்னைக்கும் இணையத்துல கிடைக்கும், பாருங்க. சுதந்திரம் வந்த வருஷம் பிறந்த பசங்ககிட்ட, இருபது வயசுல, நாட்டைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டு 1967-ல எடுத்த படம். அதுல வர்றவங்களுக்கு நம்ம வயசு தான். அரசாங்கக் கேமரா முன்னாடி உக்காந்துகிட்டு நாட்டைப் பத்தி மனசுல பட்டதைச் சொல்றாங்க. 2022 மார்ச்ல ஃபிலிம்ஸ் டிவிஷனை என்.எஃப்.டி.சி-யோட இணைச்சாச்சு. புனேல 1964-ல இருந்து இருக்கிற தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் கூடவே போச்சு. நிறைய திரைப்படக் கலைஞர்கள் எதிர்த்துக் கையெழுத்து போட்டாங்க. கையெழுத்துக்கு எதிரா கையெழுத்து. எது ஜெயிச்சதுன்னு தெரியும்.

ஃபிலிம்ஸ் டிவிஷன் நடத்தின மும்பை விழாவுல 2004-க்கு இந்தியப் படங்களுக்கு மட்டும் சென்சார் சான்றிதழ் வேணும்னு முதல்ல சொன்னாங்க. எதிர்ப்பு கிளம்பினதும் விதியை வாபஸ் வாங்குனாங்க. ஆனா தேர்வுல பல முக்கியமான படங்கள் காணாம போச்சு. இயக்குநர்கள் 'விகல்ப்'னு ஒரு மாற்று விழாவைப் பக்கத்துலயே நடத்திக் காட்டுனாங்க. 2017-ல கேரள அரசோட சலச்சித்திர அகாடமி நடத்தின ஆவணப்பட, குறும்பட விழாவுல மூணு படத்துக்கு மத்திய அமைச்சகம் சென்சார் விலக்கு தர மறுத்தது. ஒண்ணு ரோஹித் வெமுலா பத்தி, ஒண்ணு காஷ்மீர் பத்தி, ஒண்ணு ஜே.என்.யூ. போராட்டம் பத்தி. தடைன்னு யாரும் சொல்லல. விலக்கு தரல, அவ்வளவு தான்.

"அப்போ மத்தியில இருக்கிறவங்க தான் பிரச்சனை, நம்ம மாநிலம் தங்கம்"னு நினைக்காதீங்க. பின்னாடி சொல்றேன்னு சொன்னது இது தான்.

நம்ம மாவட்டத்துச் சிவகாசிக்காரர் விஸ்வநாத தாஸ். மேடை நாடகத்துல முருகனா வந்து, பாட்டுல வெள்ளைக்காரனைக் கிண்டல் பண்ணி, திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனவர். 1940 டிசம்பர் 31-ம் தேதி மெட்ராஸ்ல மேடையில மயில் மேல உக்காந்தபடியே உயிர் விட்டார். அவர் மாதிரி ஆட்களை அடக்க வெள்ளைக்காரன் வச்சிருந்தது 1876-ம் வருஷ நாடகச் சட்டம். சுதந்திரம் வந்த பிறகு அதைத் தூக்கிப் போட்டோமா? இல்ல. 1954-ல நம்ம மாநிலத்துக்குன்னு புதுசா ஒரு நாடகச் சட்டம் போட்டோம், எம்.ஆர். ராதா நாடகங்களை மனசுல வச்சு. விஸ்வநாத தாஸைக் கொண்டாடின காங்கிரஸ் ஆட்சி தான் போட்டது. அதுக்குப் பிறகு வந்த திராவிடக் கட்சிகள் ரெண்டும், நாடகத்தாலயும் சினிமாவாலயும் வளர்ந்த கட்சிகள், அந்தச் சட்டத்தை எடுக்கல. பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல சென்னை உயர் நீதிமன்றம் தான் அதைச் செல்லாதுன்னு சொன்னது. 59 வருஷம்! ஆட்சிக்கு வர்றவங்க எல்லாருக்கும் கத்தரிக்கோல் பிடிச்சிருக்கு. எதிர்க்கட்சியா இருக்கிறப்போ மட்டும் தான் அது கூர்மைன்னு தெரியுது.

அதனால தான் 'நல்ல ஆட்சி வந்தா நல்ல மையம் வரும்'ங்கிறது எனக்குப் போதாது. நல்ல ஆட்சி போயிடும். அமைப்பு நிக்கணும்.

இங்க தான் என் லேப் ரெக்கார்டு உதவுச்சு. ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் படிச்சிருப்பீங்க. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவுல ஒயர் தொடர்பே கிடையாது. காந்தப்புலம் வழியா பவர் மட்டும் கடந்து போகும். அந்தப் பக்கத்து எர்த்தும் இந்தப் பக்கமும் தொடாது. ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல இதை வைக்கிறது எதுக்கு? நோயாளிக்குக் கரண்ட் வேணும், ஷாக் வேண்டாம்.

கலைக்குப் பணம் கொடுக்கிறதும் அப்படி இருக்கணும். பணம் கடக்கணும், ஷாக் கடக்கக்கூடாது. 1946-ல பிரிட்டன்ல ஆர்ட்ஸ் கவுன்சில் தொடங்கினப்போ யோசனை இது தான். பணம் அரசு கொடுக்கும், யாருக்குக் கொடுக்கிறதுன்னு அரசு சொல்லாது. அது எல்லா நேரமும் ஒழுங்கா நடந்ததுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா நடுவுல ஒரு தடுப்பு வேணும்னாவது ஒத்துக்கிட்டாங்க.

"இதெல்லாம் லண்டன்ல சரி, ராஜபாளையத்துல?"ன்னு ரூம்மேட் கேட்டான். ராஜபாளையத்துக்காரர் ஒருத்தரை வச்சே பதில் சொன்னேன்.

பி.எஸ். குமாரசுவாமி ராஜா. 1949-ல இருந்து 1952 வரைக்கும் அன்னைக்கு இருந்த சென்னை மாகாணத்தோட முதலமைச்சர். தான் இருந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தவர். அது தான் காந்தி கலை மன்றம். பஸ்ல போறப்போ பேரைப் பார்த்திருப்போம், கதை தெரியாது. சினிமாவும் டிவியும் இப்போ இருக்கிற மாதிரி இல்லாத காலத்துல, ஒரு ஊருக்குக் கலைக்குன்னு ஒரு வீடு வேணும்னு அவருக்குத் தோணியிருக்கு. இன்னொண்ணு: எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த 1948-ம் வருஷ பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவுலயே முதல் சட்டம், நடைமுறைக்கு வந்தது 1950 ஏப்ரல் 1. அப்போ முதலமைச்சர் இவர் தான்.

அந்தச் சட்டத்துல ஒரு அழகு இருக்கு. நூலக வரி. நம்ம வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க. வரியில ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்கு. அது நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். எந்த எம்.எல்.ஏ.வும் "நான் கொடுத்தேன்"னு சொல்ல முடியாது, கொடுத்தது எங்க தாத்தா. இது தான் நான் சொன்ன டிரான்ஸ்பார்மர். நம்ம ஊர்ல எழுபது வருஷத்துக்கு மேல ஓடிக்கிட்டு இருக்கு, நாம தான் கவனிக்கல.

நூலகமும் அரசியல்ல இருந்து தப்பிச்சிடலை. 2010-ல திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தை 2011-ல ஆட்சி மாறினதும் மருத்துவமனையா மாத்தப் போறோம்னு அறிவிச்சாங்க. உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த நூலகம் நின்னதுக்கு ஒரு காரணம், "இது எங்களோடது"ன்னு கேட்க வாசகர்கள் இருந்தது. நூலகத்துக்கு அந்த உரிமை உணர்வு நமக்கு இருக்கு. கேமராவுக்கும் திரைக்கும் இன்னும் வரல.

சரி, ஊர்ல கலவரம் வந்தா? ஹால்கார அண்ணாச்சி அட்வான்ஸ் திருப்பிக் கொடுக்கும்போது உண்மையிலேயே இதைத் தான் சொன்னார். "தம்பி, 2018-ல நம்ம ஊர்ல ஒரு மேடைப் பேச்சு, அது எங்க போய் நின்னுச்சுன்னு தெரியும்ல?" தெரியும். அந்த ஜனவரியில ராஜபாளையத்துல ஆண்டாளைப் பத்தி வைரமுத்து பேசினது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம், மாநிலம் முழுக்கப் போராட்டம், வழக்கு. ஆண்டாளை வீட்டுப் பொண்ணா நினைக்கிற ஊர்ல மனசு வலிச்சவங்க வலிக்குதுன்னு சொல்ல முழு உரிமை இருக்கு. எங்க பாட்டியும் வருத்தப்பட்டாங்க, நான் அவங்களோட சண்டை போடல. ஆனா பேச்சுக்குப் பதில் பேச்சா இல்லாம, பேசுற இடத்தையே பூட்டுறதா போனா, அடுத்துப் பூட்டப்படுறது கண்மாய்ப் படம். அதுக்கும் ஆண்டாளுக்கும் என்ன சம்பந்தம்?

இதுக்குச் சட்டம் 1989-லயே பதில் சொல்லியாச்சு. 'ஒரே ஒரு கிராமத்திலே'ங்கிற தமிழ்ப் படம், இட ஒதுக்கீட்டை விமர்சிச்ச படம். அதோட கருத்து எனக்கு உடன்பாடில்ல. ஆனா போராட்டம் வரும்னு பயந்து ஒரு படத்தை நிறுத்த முடியாது, பாதுகாப்பு கொடுக்கிறது அரசோட கடமைன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த வழக்குல தான். எனக்குப் பிடிக்காத படத்துக்குக் கிடைச்ச தீர்ப்பு தான் எனக்குப் பிடிச்ச படத்தையும் காப்பாத்தணும்.

கல்யாண மண்டபம் நடத்துற அண்ணாச்சியால உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் கையில வச்சுக்கிட்டு நிக்க முடியாது. அவருக்கு லைசென்ஸ் இருக்கு, கரண்ட் கனெக்‌ஷன் இருக்கு, பிள்ளை குட்டி இருக்கு. அவர் மேல எனக்குக் கோபமே இல்ல. தைரியத்தைத் தனி ஆள்கிட்ட எதிர்பார்க்கக் கூடாது. அதனால தான் பொது இடம், பொதுப் பணம், எழுதி வச்ச விதி.

என்ன விதி? ரூம்மேட் கேட்ட மாதிரியே பாயிண்ட்டா சொல்றேன். பணம் நூலக வரி மாதிரி சட்டப்படி வரணும், வருஷா வருஷம் யார் காலையும் பிடிக்கக்கூடாது. எதுக்குப் பணம், எதுக்கு இடம்னு முடிவு பண்ற குழுவுல கலைஞர்கள், ஆசிரியர்கள், வாசகர்கள் இருக்கணும், பதவியில இருக்கிற கட்சிக்காரங்க இருக்கக்கூடாது. ஒருத்தருக்கு இடம் மறுத்தா காரணத்தை எழுத்துல கொடுக்கணும். இந்த மூணாவது விதி ஒண்ணு போதும். "ஏசி ரிப்பேர்"னு எழுத்துல கொடுக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்னு பார்ப்போம்.

இனி நான் சொல்லத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம்.

ஹால் கிடைக்காம, கடைசியில சத்திரப்பட்டியில எங்க டீம்ல ஒருத்தனோட மாமா தறி ஷெட்டுல படம் போட்டோம். அங்க நெய்யறது பேண்டேஜ் துணி. திரைக்கு வேற துணி இல்ல, அதையே கட்டினோம். பேண்டேஜ் துணி சல்லடை மாதிரில, படம் பாதி துணியில விழுந்தது, பாதி பின்னாடி சுவர்ல விழுந்தது. நாலா மடிச்சுக் கட்டினோம், சரியாச்சு. 23 பேர் வந்தாங்க. கண்மாய்ப் பாசனக்காரங்க ஏழு பேர், பஸ் பிடிச்சு வந்திருந்தாங்க.

படம் முடிஞ்சதும் ஒரு தாத்தா எழுந்தார். எங்க படத்துல பேசியிருக்கிறவர்.

"தம்பி, படம் நல்லா இருக்கு. அந்த லாரி எங்க?"

எனக்கு வாய் வரல. ஒரு ராத்திரி, ரெண்டு டிப்பர் கரை மேல போறதை அவர் தான் எங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். வேப்ப மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு எடுத்தோம். நம்பர் பிளேட் தெளிவா தெரியும். 40 செகண்ட். படத்துலயே முக்கியமான 40 செகண்ட்.

அதை யாரும் வெட்டச் சொல்லல. புதன்கிழமை ஹால்காரர், "படத்துல பிரச்சனை எதுவும் இல்லைல தம்பி?"ன்னு சும்மா தான் கேட்டார். அன்னைக்கு ராத்திரி நானே வெட்டினேன். "ரிதம் சரியில்ல"ன்னு டீம்ல சொன்னேன். எடிட் பண்ணின தோழி என்னை ஒரு பார்வை பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லல. வெட்டியும் வெள்ளிக்கிழமை ஹால் போச்சு.

தாத்தாகிட்டயும் ஏதோ சொல்லி மழுப்பினேன். "சரி தம்பி, உங்களுக்குப் படிப்பு இருக்கு"ன்னு சொல்லிட்டு உக்காந்தார். அவர் திட்டியிருந்தா பரவாயில்ல.

சென்சார் போர்டு, அமைச்சகம், போலீஸ்னு இவ்வளவு நேரம் எழுதினேன். என் படத்தை வெட்டினது அவங்க யாரும் இல்ல, நான். இடம் இன்னொருத்தர் தயவுல இருக்கும்போது, கத்தரிக்கோல் நம்ம கைக்கே வந்துடுது. அதனால தான் பொது மையம் வேணும்னு சொல்றேன். தைரியசாலிகளுக்கு அது தேவையில்ல, அவங்க எங்கயாவது போட்டுக்குவாங்க. என்னை மாதிரி பயப்படுறவங்களுக்குத் தான் வேணும். பயந்தவனும் உண்மையைச் சொல்லலாம்ங்கிற ஒரு இடம்.

அந்த 40 செகண்டைத் திரும்பச் சேர்த்தாச்சு. இப்போ படம் 18 நிமிஷம் 40 செகண்ட். நூலகத்து வாசகர் வட்டம் மூலமா மாசம் ஒரு ஞாயிறு, வாசிப்பு அறையில ஒரு மணி நேரம் திரையிட அனுமதி கேட்டு ஒரு மனு எழுதியிருக்கோம். சொத்து வரி ரசீது நகலையும் பின்னாடி இணைச்சிருக்கோம், எங்க தாத்தா பேர்ல இருக்கிறது. கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவங்க பி பிளாக் ரெண்டாவது மாடிக்கு வாங்க. ரூம்மேட் போட்டுட்டான்.

மனு நிராகரிக்கப்பட்டா, காரணத்தை எழுத்துல கேட்போம். பதில் வந்ததும் இதே இதழ்ல போடுறோம்.